தூணுக்குச் சொன்ன தலாக்

ஈப்போவில் எங்கள் பள்ளிவாசலின் மாடியில் இரண்டு வருடம் இஸ்லாமியச் சட்டவியலின் உயர்நிலை வகுப்பு நடந்தது. அதில் நானும் ஒரு மாணவன். இதைச் சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்புவதில்லை. சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன் நான். எனக்கு அரபு ஓதத் தெரியும், பொருள் தெரியாது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது ஈப்போவுக்கு வந்து ரொட்டி சானாய் போடக் கற்றுக்கொண்டேன்.

அறிவைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஆள் குறைந்ததால்தான் போனேன்.

எழுபதுகளின் கடைசி அது. தமிழ்நாட்டில் ஓர் அரபுக் கல்லூரியில் ஒன்பது வருடம் ஓதிவிட்டு எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் ஆலிமாகத் திரும்பி வந்திருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், என்றால் எங்களுக்கு மரியாதையாக ஹஜ்ரத்துதான். சட்டம் இதுதான் என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தச் சட்டத்தைப் பழைய இமாம்கள் எப்படி யோசித்து எடுத்தார்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை, அதை நான் நடத்துகிறேன் என்றார் அவர். பள்ளிவாசல் நிர்வாகம் யோசித்தது. ஏழு பேராவது வந்தால் மாடியில் காற்றாடி மாட்டித் தருவோம், இல்லாவிட்டால் இல்லை என்றது. இரண்டு இமாம்கள், மூன்று அரபு ஆசிரியர்கள், கெராணி என்று நாங்கள் சொல்லும் ஓய்வு பெற்ற கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் என்று ஆறு பேர் தேறினார்கள். ஏழாவதாக வந்த துணிக்கடைக்காரர் முதல் வகுப்பு முடிந்ததும் தலைவலி என்று போனவர் திரும்பவில்லை.

நிர்வாகச் செயலாளர் என் முதலாளி. அவருடைய கடை பள்ளிவாசலுக்கு நேர் எதிரே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் நேராக என் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டேய், கையக் கழுவு. மாடிக்குப் போயி உக்காரு."

"தண்ணி கொண்டு போவணுமா மொதலாளி? எத்தன கிளாஸ் தே?"

"தண்ணி இல்லடா. நீதான் போவணும். ஏழாவது ஆளு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மொதலாளி."

"தெரியணும்னு யாரு சொன்னா? காத்தாடிக்கு ஆள் வேணும், அவ்வளவுதான் லா. வாயத் தொறக்காத. ஊறப்போட்ட மாவு மாதிரி சும்மா கெட."

சும்மா கிடப்பது எனக்குக் கைவந்த கலை. கூச்சம் என் கூடப்பிறந்தது. வாடிக்கையாளர் வந்து ரொட்டி கேட்டால் தலையை ஆட்டுவேன். முட்டை போடவா என்று கேட்க வேண்டியிருந்தால் முட்டையைத் தூக்கிக் காட்டுவேன். ஆகவே மாடிக்குப் போனதும் முதலில் ஒரு தூணைத் தேடினேன். சுண்ணாம்பு அடித்த பருத்த தூண். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் ஹஜ்ரத்துக்கு என் முழங்கால் மட்டும்தான் தெரியும். எண்ணுகிறவர்களுக்கு முழங்கால் போதும். சில மாதங்களில் அந்தத் தூணில் என் தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை ஒன்று விழுந்துவிட்டது.

கிதாபை அரபியில் வாசித்துத் தமிழில் விளக்குவார் ஹஜ்ரத். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. போகப்போகத்தான் இது என் வேலையைப் போலத்தான் என்று தோன்றியது. ஒரு பொருள் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது ஏன் கூடாது என்ற காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதே காரணம் வேறொரு பொருளில் இருந்தால் அதற்கும் அதே சட்டம். திராட்சை மதுவில் போதை இருக்கிறது, அதனால் கூடாது. போதை வேறெதில் இருந்தாலும் அதுவும் கூடாது. இப்படிக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவதற்குப் பெயர் கியாஸ்.

இனிப்பாக இருக்கும் சாறு எந்த நேரத்தில் மதுவாகிறது என்று ஒருநாள் பெரிய விவாதம். ஆறு பேரும் ஆறு கிதாபிலிருந்து பேசினார்கள். என் தகப்பனார், எங்கள் அத்தா, தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கொட்டகை கள்ளுக்கடை. பதினைந்து வருடம் அந்த வாசனையில் வளர்ந்தவன் நான். என்னை அறியாமல் தூணுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன்.

"வெயில் ஏறுனா நொரச்சிரும் ஹஜ்ரத். காலையில எறக்குனது மத்தியானத்துக்குத் தாங்காது."

கோர்ட்டு கெராணி மூக்குக் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"தம்பிக்கு இவ்வளவு கரெக்ட்டா எப்புடித் தெரியும்?"

"மோந்து பாத்ததுதான்ணே," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஹஜ்ரத் சிரிக்கவில்லை, தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து உதாரணம் தேவைப்பட்டபோதெல்லாம் அவர் தூணுக்குப் பின்னால் தேடத் தொடங்கினார். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது தண்ணீர் தோலைத் தொட வேண்டும், ரொட்டி போடுகிறவனின் நகத்துக்குள் மாவு காய்ந்திருந்தால் என்ன சட்டம் என்று கிதாபில் வந்தது. அன்று ஆறு பேர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். தவிர்க்க முடியாத தொழிலுக்குச் சலுகை உண்டு என்று ஒருவர் சொன்னார். இவ்வளவு மாவைத் தவிர்க்கலாம் என்றார் இன்னொருவர்.

வகுப்பில் கேட்டதை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொல்வேன். வெளியில் பேசாத எல்லாவற்றையும் அவளிடம்தான் பேசுவேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் ஹுத்தான் மெலிந்தாங்காரி, மீன்பிடி ஊர். மாமனாருக்கு வலை வியாபாரம். சின்ன வயதில் ஆறு வருடம் மாலை நேர மலாய் மார்க்கப் பள்ளிக்குப் போனவள். நான் சொல்வதையெல்லாம் தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்பாள். கேட்டுவிட்டு, "இதுக்கா அத்தன பேரு மாடியேறிப் போறீங்க?" என்பாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் மார்க்கச் சட்டத்தில் மத்ஹப் என்று நான்கு வழிகள் உண்டு. நான்கும் சரியானவை. ஆனால் ஒரே சமையலறையில் இரண்டு இருந்தால் சிரமம். நான் ஹனஃபி, அவள் ஷாஃபி. ஹனஃபியில் கடலில் மீன் மட்டும்தான் சாப்பிட ஆகும். இறாலை எப்படியோ மீன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், நண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் வீட்டிலோ கரையேறாத கடல் நண்டு தாராளமாக ஆகும். பெண்ணைப் பார்க்க வரும்போதெல்லாம் மாமனார் பஸ்ஸில் ஒரு கூடை நண்டோடு வந்து இறங்குவார். அதற்காகவே அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு மண் சட்டியும் தனி அகப்பையும் கொண்டுவந்திருந்தாள். என் மீனுக்கு வேறு சட்டி. இரண்டு நாடுகளைப் போல அந்த அடுப்பில் எல்லை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மீன் குழம்பில் ஒரு நண்டுக் கால் கிடந்தது.

"அகப்ப மாறியிருச்சு போல," என்றாள். "ஒரே ஒரு காலுதான. எடுத்துப் போட்டுட்டுப் பசியாறுங்களேன். அது என்னா எந்திரிச்சு நடக்கவா போவுது?"

எங்கள் சண்டையில் பேசுவது அவள் வேலை, சாப்பிடாமல் இருப்பது என் வேலை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ரொட்டியில் சீனி தொட்டுத் தின்றேன். கடைக்குக் கிளம்பும்போதும் பேசவில்லை. மனதுக்குள் மட்டும் அந்தக் கால் நடந்துகொண்டே இருந்தது.

அன்று மதியம் வகுப்பில் தலாக் பாடம். மனைவியை விலக்கிவிடும் சொற்களைப் பற்றியது.

"தலாக்குன்னு நேராச் சொன்னா அது தெளிவான சொல்லு," என்றார் ஹஜ்ரத். "அதுல மனசுல என்ன நெனச்சேன்னு கேக்க மாட்டோம். சுத்தி வளச்சுச் சொன்னான்னா, என்ன நெனச்சுச் சொன்னேன்னு கேட்டுத்தான் தீர்ப்பு. ஆனா கிதாபுல இருக்கறதெல்லாம் அரபு நாட்டுப் பேச்சு. நம்ம ஊர்ல புருசன் கோவத்துல என்ன சொல்வான்? அது எந்தக் கணக்குல சேரும்? சொல்லுங்க பாப்போம்."

ஆலிம்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டில் பேசுவதை வெளியில் சொல்ல யாரும் தயாராக இல்லை.

"கோர்ட்டுல எல்லாரும் இங்கிலீசுலதான் திட்டிக்குவாங்க ஹஜ்ரத்," என்றார் கெராணி.

ஹஜ்ரத்தின் கண் தூணுக்கு வந்தது. "அண்ணே, நீங்க தோட்டத்துல வளந்தவங்க. லயத்து வூடுகள்ல என்ன சொல்வாங்க?"

நான் முழங்காலையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"வெக்கப்படாதீங்கண்ணே. இது பாடம்தான. எங்களப் பாக்க வேணாம். முன்னாடி இருக்க தூண ஒங்க சம்சாரம்னு நெனச்சுக்குங்க. சும்மா சொல்லுங்க."

தூணைப் பார்த்துப் பேசுவது எனக்கு ஓரளவு எளிது. பல மாதப் பழக்கம். மெதுவாகத் தொடங்கினேன். "போடி ஒங்கம்மா வூட்டுக்கு."

"சுத்தி வளச்ச சொல்லு," என்றார் ஹஜ்ரத். "நினைப்பக் கேக்கணும். அப்பறம்?"

"மூட்டயக் கட்டு."

"அதுவும் அப்படித்தான். இன்னும்?"

"ஒனக்கும் எனக்கும் இனிமே ஒண்ணும் இல்ல."

"பலே! எழுதிக்குங்க, எல்லாரும் எழுதிக்குங்க. இன்னும் கோவம் ஏறுனா?"

படித்தவர்கள் ஆறு பேர் நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். அதுவரை என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர்கூட எழுதியதில்லை, ரொட்டி ஆர்டரைத் தவிர. எனக்குத் தலை கிறுகிறுத்தது. எண்ணெய்க் கறை படிந்த தூணைப் பார்த்தேன். அது இடுப்பில் கைவைத்து, ஒரே ஒரு காலுதான என்று கேட்பது போலிருந்தது.

"நண்டும் நீயும் ஒழிஞ்சு போங்க!" என்று கத்தினேன். "ஒன்னத் தலாக் சொல்லிட்டேன், போ!"

மாடியே சிரித்தது. ஒரு இமாம் சிரித்ததில் பேனாவைக் கீழே போட்டார். நானும் சிரித்துவிட்டேன். அந்த வகுப்பில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கெராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நல்லாருக்கு தம்பி. ஹஜ்ரத், ஒரு சந்தேகம். வெளயாட்டாச் சொன்னாலும் தலாக் விழுந்துரும்னு இருக்கே?"

"ஆமாண்ணே. தலாக்குல வெளயாட்டையும் நெசமாத்தான் எடுத்துக்குவோம். அது எப்புடின்னா..."

அப்போது கீழே பிற்பகல் தொழுகையான அசருக்கு அழைக்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஹஜ்ரத் கிதாபை மூடினார். "மிச்சத்த அடுத்த வாரம் பாப்போம். நான் இப்பவே பினாங்குக்குக் கெளம்புறேன், வெள்ளிக்கெழமதான் வருவேன்."

எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் கற்றதை என் சொந்தக் காரியத்தில் முதல்முறையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். சொன்னது தெளிவான சொல். தெளிவான சொல்லுக்கு நினைப்பைக் கேட்பதில்லை. விளையாட்டு என்று சொல்லித் தப்ப முடியாது. தூணைச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது, அதை என் சம்சாரமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் ஹஜ்ரத், நானும் நினைத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு நண்டு. தூணுக்கும் நண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த நண்டு யாருடையது என்பதற்கு ஈப்போவிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் வரை சாட்சி இருக்கிறது. நான் என் மனைவியை விலக்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போனேன். வாசலைத் தாண்டவில்லை. உள்ளே வாங்க என்றாள். கல்யாண ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை கடையிலேயே படுக்க வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாற்று உடுப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். உடுப்பைக்கூட அவள் கையிலிருந்து வாங்கவில்லை, நாற்காலியில் வைக்கச் சொன்னேன்.

மூன்று நாள் மாவு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்து சட்டம் யோசித்தேன். ஒரு தடவை சொன்ன தலாக் என்றால், புருஷன் இறந்தவளுக்கு இருப்பது போல இவளுக்கும் இத்தா என்ற காத்திருப்புத் தவணை உண்டு, மூன்று மாதம் போல. அதற்குள் உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் போதும், பழையபடி மனைவிதான். எளிதான வழி. ஆனால் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால், விட்டதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? ஒப்புக்கொண்டவன் பிறகு மாற்றிப் பேசினால் ஏற்கக் கூடாது என்று முந்தின மாதம்தான் பாடம் நடந்தது. ஒரு மனைவியிடம் ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் கிடைப்பதே மூன்று தலாக். அதில் ஒன்றைத் தூணுக்குச் செலவழித்தவன் என்று ஆகிவிடுவேன். பேசாமல் அவளை ஆசையோடு தொட்டுவிடலாம், என் மத்ஹபின்படி அப்படித் தொட்டாலே திரும்ப எடுத்துக்கொண்டதாகும். ஆனால் அவள் மத்ஹபின்படி தொட்டால் அவளுடைய ஒளுதான் முறியும். மேலும், ஆசையோடு தொடு என்று சட்டம் சொன்னவுடன் தொட்டுவிடுகிற ஆள் நான் இல்லை.

"என்னாடா, ரொட்டியெல்லாம் கிழிஞ்சு கிழிஞ்சு வருது?" என்றார் முதலாளி. "கல்லுல போட்டா ஜன்னல் மாதிரி இருக்கு. வூட்டுல சண்டையா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினேன்.

புதன்கிழமை காலை, கூட்டம் கலைந்த நேரத்தில் அவளே கடைக்கு வந்துவிட்டாள். கையில் தூக்குச்சட்டி. கல்லுக்கு எதிரே நின்றாள்.

"சட்டியப் பக்கத்து வூட்டுச் சீன ஆச்சிக்கிட்ட குடுத்துட்டேன். அகப்பையையும் சேத்துக் குடுத்துட்டேன். வாப்பாகிட்டயும் சொல்லி உட்டுட்டேன், இனிமே கொண்டார வேணாம்னு. நம்ம வூட்டுல நண்டு கெடையாது. போதுமா? இந்தாங்க, மீன் கொழம்பு. பசியாறுங்க."

அந்தச் சட்டியை அவள் வேறு யாரையும் கழுவக்கூட விட்டதில்லை.

"மேசையில வையி," என்றேன்.

"ஏன், கையில வாங்குனா என்னா? எனக்கு ஒட்டுவாரொட்டியா?"

அப்போதுதான் சொன்னேன். மாவைப் பிசைந்துகொண்டே, மாவைப் பார்த்துக்கொண்டே, தூணில் தொடங்கி நண்டில் முடித்துப் பாங்கு வரை சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தன பேரு முன்னாடியா?"

"ஆமா."

"எம் பேரச் சொன்னீங்களா?"

"சொல்லல."

"நண்டு பேரச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"ரெண்டு வருசத்துல எம் பேரு ஒங்க வாயில ஒரு தடவ வந்ததில்ல. நண்டு மட்டும் நல்லா வருது." எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. "இப்ப நான் யாரு? அதச் சொல்லுங்க. எங்க வாப்பா கேட்டா என்னான்னு சொல்றது?"

"அதான் தெரியல. சந்தேகமா இருக்கு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "சந்தேகமா? சரி, ஒண்ணு கேக்குறேன். ஒளு செஞ்சது ஒங்களுக்கு நல்லாத் தெரியும். அப்பறம் அது முறிஞ்சுச்சா இல்லையான்னு சந்தேகம். என்னா செய்வீங்க?"

"தொழுவேன். ஒளு இருக்குன்னுதான் கணக்கு."

"இது சின்னப் புள்ளைங்க பாடம். எனக்கு எட்டு வயசுல சொல்லிக்குடுத்தாங்க. நம்ம நிக்காஹ் நடந்தது ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும். எரநூறு பேரு சாப்பிட்டாங்களே."

"என்னைய உட்டது?"

"சந்தேகம்."

"அப்பறம் என்னா லா?"

"ஒளு வேற, நிக்காஹ் வேற," என்றேன்.

"நீங்கதான சொன்னீங்க, ஒண்ணுல இருக்க காரணம் இன்னொண்ணுலயும் இருந்தா அதே சட்டம்னு? தையல் மிசினு சத்தத்துல நான் கேக்கலன்னு நெனச்சீங்களா?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கும் முழுத் தைரியம் இல்லை என்பது தூக்குச்சட்டியை என் கையில் தராமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனதில் தெரிந்தது. "வெள்ளிக்கெழம வரட்டும் அந்த ஹஜ்ரத்து," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் பள்ளிவாசல் அலுவலக வாசலில் இருவரும் நின்றோம். இரண்டு முழ இடைவெளி விட்டு நின்றோம். ஹஜ்ரத் வெளியே வந்தார். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவர் முகம் சிரிப்புக்குப் போனது. என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் திரும்பி வந்தது.

"அண்ணே, அஞ்சு நாளா வூட்டுக்குப் போவலயா?"

தலையை ஆட்டினேன்.

"அல்லாவே! எந் தப்புண்ணே. பாதிப் பாடத்துல கிதாப மூடிட்டுப் போனது எந் தப்பு." அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாருங்க. வெளயாட்டாச் சொல்றவன், அவன் சம்சாரத்தப் பாத்து, அவனாச் சொல்றான். பாடத்துக்காகச் சொல்றவன் அவனாச் சொல்லல, இன்னொருத்தன் சொன்னா எப்புடிச் சொல்வான்னு எடுத்துச் சொல்றான். அது அவன் பேச்சே இல்ல. நான் ஓதுறப்ப இந்தப் பாடத்த நூறு தடவ சொல்லியிருப்பேன். இதெல்லாம் விழுந்தா ஒலகத்துல ஒரு ஆலிம் வூட்டுலயும் அடுப்பெரியாது. ஒங்க தலாக் விழல. முடிஞ்சுச்சு."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டு வருட வகுப்பில் நான் கேட்ட ஒரே கேள்வியை அந்தப் படியில் கேட்டேன்.

"நண்டு, ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் திறந்த வாயை மூடினார். தாடியைத் தடவினார். யோசித்தார்.

"நல்ல கேள்வி," என்றார். "நண்டு பாடத்துல இல்ல. நான் சொல்லச் சொல்லல. அது ஒங்க பேச்சுதான். 'நண்டும் நீயும் ஒழிஞ்சு போங்க'ங்கறது சுத்தி வளச்ச சொல்லு. நினைப்பக் கேக்கணும். அண்ணே, அல்லாவுக்குப் பயந்து சொல்லுங்க. அதச் சொல்றப்ப மனசுல என்னா நெனச்சீங்க?"

இருவரும் என்னையே பார்த்தார்கள். மறைந்துகொள்ளத் தூண்கூட இல்லை.

"நண்டு மட்டும் ஒழிஞ்சாப் போதும்னு நெனச்சேன்," என்றேன். "இவ இருக்கணும்."

அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அது ஒழிஞ்சிருச்சு," என்றாள் துணிக்குள்ளிருந்து. "சீன ஆச்சி அந்தச் சட்டியில வெங்காயத்தாளு நட்டுட்டா."

பிறகு ஒளுக் கணக்கைச் சொன்னாள். ஹஜ்ரத் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தச் சட்டத்துக்கு அந்தக் காரணம் வேண்டியதில்லை, இங்கே சந்தேகத்துக்கே இடமில்லையே என்றார். அஞ்சு நாள் ஒரு மனுசன் மாவு மூட்டையில படுத்திருந்தாரே, அது சந்தேகம் இல்லாம வேறென்ன என்று அவள் கேட்டாள். தெரியாதவனின் சந்தேகம் வேறு, சட்டத்தின் சந்தேகம் வேறு என்றார் அவர். அப்படின்னா தெரியாதவங்களுக்குத்தான சட்டம் வேணும் என்றாள் அவள். கால் மணி நேரம் போயிற்று. யாருடைய தலாக்கைப் பற்றிப் பேசினார்களோ அவன் பக்கத்தில் நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். நான் எதிரே போய் இரண்டு தே போட்டுக் கொண்டுவந்தேன்.

"இவருக்குப் பதிலா நீங்க வகுப்புக்கு வந்திருக்கலாம்," என்றார் ஹஜ்ரத் தேநீரை வாங்கிக்கொண்டு.

"காத்தாடிக்கு ஆம்பளைங்கதான் கணக்காம்," என்றாள்.

மறுநாள் காலையில் நான் சந்தைக்குப் போய் நண்டு வாங்கினேன். உயிருள்ள நண்டு. கயிற்றில் கட்டிக் கொடுத்ததைக் கையை முடிந்தவரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் என்னைப் பார்த்த முதலாளி, "டேய், நீ ஹனஃபிடா!" என்று கத்தினார். தலையை ஆட்டிவிட்டுப் போனேன். இரண்டு புதுச் சட்டிகளும் வாங்கினேன், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியது அவளுக்கு.

வகுப்பு முடிந்தும் வீட்டில் தூண் போகவில்லை. நான் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "போயி ஒங்க தூணுகிட்ட சொல்லுங்க" என்பாள். உடம்பில் எண்ணெய் வாசனை வந்தால், "மூத்தவ வூட்டுக்குப் போயிட்டு வாரீங்களா?" என்பாள், தூணை என் மூத்த தாரமாக்கி.

எண்பதுகளின் நடுவில் பள்ளிவாசலைப் பெரிதாக்கினார்கள். மாடியை இடித்தபோது நான் கல்லில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் எண்ணெய்க் கறையோடு அந்தத் தூண் இரண்டாக முறிந்து விழுந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காராமல் சும்மா நின்றேன். என்னவென்று கேட்டாள்.

"தூண இடிச்சுட்டாங்க," என்றேன்.

அவள் அகப்பையை வைத்துவிட்டு, யாராவது இறந்த மௌத்துச் செய்தி கேட்டால் சொல்வதை முறையாகச் சொன்னாள். பிறகு சின்னச் சட்டியைத் திறந்தாள்.

"பொண்டாட்டி போனா ஆம்பளைக்கு இத்தா கெடையாது. துக்கம்னு ஒக்காந்துராம வந்து சாப்பிடுங்க. கொழம்பு ஆறுது."